கோச் மீது நம்பிக்கை முதலில் போவது எப்போது? உத்திரமேரூர் கல்வெட்டில் இருக்கும் பதில்

2025 ஏப்ரல் 11, சேப்பாக்கம். கொல்கத்தா நைட் ரைடர்ஸுக்கு எதிராக சென்னை சூப்பர் கிங்ஸ் 20 ஓவர் முழுக்க ஆடி எடுத்தது 9 விக்கெட்டுக்கு 103 ரன். கொல்கத்தா அந்த இலக்கை 10.1 ஓவரில் முடித்துவிட்டுக் கிளம்பியது. சிஎஸ்கேவுக்கு அது தொடர்ச்சியாக 5-வது தோல்வி. சேப்பாக்கத்தில் தொடர்ச்சியாக 3-வது தோல்வி. அணியின் வரலாற்றில் இரண்டுமே முதல் முறை.

அன்றிரவு சமூக வலைதளங்களில் 'கோச்சை மாத்துங்கப்பா' என்ற குரல் பலமாகவே கேட்டது. 2009 முதல் தலைமைப் பயிற்சியாளராக இருக்கும் ஸ்டீபன் ஃபிளெமிங் மீது, 5 ஐபிஎல் கோப்பைகளை வாங்கித்தந்த மனிதர் மீது, ரசிகர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது என்று பலரும் எழுதினார்கள்.

ஆனால் அது போனது அன்றைக்கா? அந்த 103 ரன், ஏற்கெனவே விரிசல் விட்ட சுவர் இடிந்து விழுந்த நாள். விரிசல் அதற்கு 2 வாரம் முன்பே விழுந்திருந்தது. அது எப்படி விழுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, சேப்பாக்கத்திலிருந்து சுமார் 90 கி.மீ. தள்ளி இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

கல்வெட்டு என்ன சொல்கிறது?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அவனுடைய 12-ம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919. இன்னொன்று 14-ம் ஆட்சியாண்டு, கி.பி. 921. பள்ளிக்கூடத்தில் 'குடவோலை முறை' என்று படித்தோமே, அதன் விதிகள்தான் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன.

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். இன்றைய பேச்சில் வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அப்படி வந்தவர்கள் ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் போன்ற குழுக்களில் 360 நாள் பொறுப்பில் இருந்தார்கள்.

இதை இன்றைய ஜனநாயகத்தோடு அப்படியே ஒப்பிட முடியாது. அது ஒரு பிரம்மதேய ஊர். நிலமும் சொந்த வீடும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களுக்குத்தான் அந்தக் குடத்தில் இடம். மற்றவர்களுக்கும் பெண்களுக்கும் இல்லை.

அந்தக் குறையை மனதில் வைத்துக்கொண்டு, யாரெல்லாம் நிற்கக் கூடாது என்ற பட்டியலைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். முன்பு ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்து, கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவுக்காரர்களும் நிற்க முடியாது. பொறுப்பில் இருக்கும்போதே குற்றம் கண்டால் 360 நாள் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, உடனே நீக்கலாம். கணக்கு எழுதுபவரும் தன் கணக்கை ஒப்படைத்து, சரி என்று பெரியவர்கள் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை.

தகுதி இழப்போர் பட்டியலில் இல்லாதது எது தெரியுமா? 'ஏரியில் தண்ணீர் நிற்காமல் போன ஆண்டில் ஏரி வாரியத்தில் இருந்தவர்.' மழை பொய்க்கலாம், கரை உடையலாம். அதற்காக அவரைத் தள்ளிவைக்கும் விதி இல்லை. கணக்குக் காட்டாமல் போனால்தான் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் கதவு சாத்தப்பட்டது.

விளையாட்டு ரசிகர்கள் ஒரு கோச்சை விட்டு மனதளவில் விலகும் இடமும் கிட்டத்தட்ட இதுதான். ரசிகர் தோல்வியைத் தாங்குவார். ஏன் தோற்றோம் என்று கோச் சொல்லும் காரணமும், தன் கண்ணால் பார்த்த ஆட்டமும் ஒத்துப்போகாதபோதுதான் முதல் விரிசல் விழுகிறது.

2020-ல் ஏன் யாரும் ஃபிளெமிங்கைப் பெரிதாகக் கேட்கவில்லை?

தோல்விதான் காரணம் என்றால் சிஎஸ்கே ரசிகர்கள் 2020-லேயே கொந்தளித்திருக்க வேண்டும். அதுவரை தான் ஆடிய 10 சீசனிலும் அரையிறுதி அல்லது பிளே-ஆஃப் போன அணி, அந்த ஆண்டு முதல் முறையாக வெளியே நின்றது. 8 அணிகளில் 7-வது இடம்.

ஆனால் அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கொரோனா காலம். போட்டி நடந்ததோ ஐக்கிய அரபு அமீரகத்தில். அணிக்குள்ளேயே தொற்று பரவியது. சுரேஷ் ரெய்னாவும் ஹர்பஜன் சிங்கும் சொந்தக் காரணங்களுக்காக விலகினார்கள். 'சரி, இந்த வருஷம் இப்படி ஆயிடுச்சு' என்று ரசிகர் தேற்றிக்கொள்ள முடிந்தது. அடுத்த ஆண்டே கோப்பை வந்தது.

2022-லும் அதே கதை. 14 கோடி ரூபாய்க்கு எடுத்த தீபக் சாஹர் காயத்தால் ஒரு பந்துகூட வீசவில்லை. கேப்டன் பதவி ஜடேஜாவிடம் போய், பாதி சீசனில் தோனியிடமே திரும்பியது. 10 அணிகளில் 9-வது இடம். முணுமுணுப்பு இருந்தது. ஆனாலும் என்ன தப்பு நடந்தது என்பது கண்முன் தெரிந்தது. 2023-ல் அகமதாபாத் இறுதிப் போட்டியின் கடைசி 2 பந்துகளில் ஜடேஜா சிக்ஸரும் பவுண்டரியும் அடித்தபோது, பழைய கணக்கெல்லாம் தள்ளுபடி ஆனது.

2025: கணக்கு இடித்த 2 வாரம்

மார்ச் 28-ம் தேதி ஆர்சிபி சேப்பாக்கத்துக்கு வந்தது. 2008-க்குப் பிறகு அங்கே ஜெயித்ததே இல்லாத அணி. 196 ரன் அடித்துவிட்டு, சிஎஸ்கேவை 146-ல் நிறுத்தி, 50 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. தோனி வந்தது 7 விக்கெட் விழுந்த பிறகு, 9-வது ஆளாக. அஸ்வினுக்கும் பின்னால். ஆட்டம் கையைவிட்டுப் போன பிறகு 16 பந்தில் ஆட்டமிழக்காமல் 30 ரன் அடித்தார்.

அன்று பத்திரிகையாளர்களிடம் ஃபிளெமிங் சொன்ன விஷயங்களில் ஒன்று, சேப்பாக்கத்தில் தங்களுக்கு 'ஹோம் அட்வான்டேஜ்' என்று ஒன்று இல்லை, கொஞ்ச காலமாகவே இந்த ஆடுகளத்தை தங்களால் சரியாகக் கணிக்க முடியவில்லை என்பது. வெளிப்படையான பேச்சுதான். ஆனால் கேட்ட ரசிகருக்கு உடனே வந்த கேள்வி: 'அப்போ அஸ்வின், ஜடேஜா, நூர் அகமதுன்னு 3 ஸ்பின்னரை யாருக்காக எடுத்தீங்க?' அந்தச் சீசனுக்கான மெகா ஏலத்தில் நூர் அகமதுக்கு 10 கோடி, அஸ்வினுக்கு 9.75 கோடி கொடுத்திருந்தார்கள். ஜடேஜாவை ஏற்கெனவே 18 கோடிக்குத் தக்கவைத்திருந்தார்கள். சேப்பாக்கம் சுழலும் என்று நம்பிக் கட்டிய அணி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மற்ற அணிகள் அடித்து நொறுக்கும்போது சிஎஸ்கே மட்டும் பழைய பாணியிலேயே ஆடுகிறதே என்ற கேள்வியும் வந்தது. அதை ஃபிளெமிங் ரசிக்கவில்லை. எங்களிடமும் அடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், கடைசியில் யார் ஜெயிக்கிறார்கள் என்று பாருங்கள் என்ற தொனியில் பதில் சொன்னார்.

2 நாள் கழித்து குவாஹாட்டியில் ராஜஸ்தானிடம் 6 ரன்னில் தோல்வி. தோனி ஏன் இவ்வளவு கீழே வருகிறார் என்ற கேள்விக்கு அப்போதுதான் நேரடி விளக்கம் கிடைத்தது. அவருடைய முட்டி முன்பு மாதிரி இல்லை, 10 ஓவர் ஓடி ஓடி ஆட முடியாது, அன்றன்றைக்கு உடம்பைப் பார்த்து அவரே முடிவு செய்வார் என்றார் ஃபிளெமிங்.

ரசிகர்கள் இதை ஏற்றுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்கள். 43 வயதுக்காரரின் முட்டி வலி யாருக்குத்தான் புரியாது? ஆனால் 6 நாள் கழித்து, ஏப்ரல் 5-ம் தேதி டெல்லிக்கு எதிராக, 184 ரன்னைத் துரத்தும்போது 11-வது ஓவரிலேயே தோனி களத்தில் இருந்தார். விஜய் சங்கருடன் கடைசிவரை நின்றார். 9 ஓவருக்கு மேல் ஆடிய அந்த ஜோடி ஒரு விக்கெட்கூட இழக்கவில்லை. ஆனால் ஜெயிக்கிற வேகமும் வரவில்லை. தோனி 26 பந்தில் 30. விஜய் சங்கர் 54 பந்தில் 69. தோல்வி 25 ரன்னில். டெல்லி அணி சேப்பாக்கத்தில் ஜெயித்தது 2010-க்குப் பிறகு அன்றுதான்.

10 ஓவர் ஆட முடியாது என்றால், கிட்டத்தட்ட அத்தனை ஓவர் ஆடியது எப்படி? ஆட முடியும் என்றால் ஆர்சிபிக்கு எதிராக 9-வது ஆளாக வந்தது ஏன்? இரண்டு முடிவுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் இருந்திருக்கலாம். ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர் இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார். கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. 'ஏதோ மறைக்கிறாங்க' அல்லது 'இவங்களுக்கே தெரியல' என்ற இரண்டு முடிவில் ஒன்றுக்கு வருவார். இரண்டுமே கோச்சுக்கு நல்லதில்லை.

சுவர் இடிந்தது ஏப்ரல் 11-ல். விரிசல் விழுந்தது இந்த 8 நாளில்தான்.

'நாம' எப்போது 'அவனுங்க' ஆகிறது?

நம்பிக்கை போவதை முதலில் காட்டிக்கொடுப்பது ரசிகரின் பேச்சுதான். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 1976-ல் வெளியிட்ட ஆய்வு இதில் பிரபலம். அமெரிக்காவின் 7 பல்கலைக்கழகங்களில், கால்பந்து அணி ஜெயித்த வார இறுதிக்கு அடுத்த திங்கள்கிழமை மாணவர்கள் தங்கள் கல்லூரிச் சட்டையை அதிகமாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஜெயித்த மேட்ச்சைச் சொல்லும்போது 'நாம்' என்று சொன்னவர்கள், தோற்ற மேட்ச்சைச் சொல்லும்போது அந்த வார்த்தையைக் குறைத்துக்கொண்டார்கள்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இதற்கு ஆய்வு தேவைப்படாது. 'நாம ஜெயிச்சுட்டோம்டா' என்பது ஜெயித்த மறுநாள் பேச்சு. 'அவனுங்க தோத்துட்டானுங்க' என்பது தோற்ற மறுநாள் பேச்சு. இது எல்லா அணிக்கும், எல்லாத் தோல்விக்கும் நடப்பதுதான். 2 நாளில் மறுபடியும் 'நாம' திரும்பிவிடும்.

கோச் விஷயத்தில் நடப்பது வேறு. அணியும் வீரரும் 'நாம'வாகவே இருப்பார்கள். கோச் மட்டும் 'அவர்' ஆகிவிடுவார். 'நம்ம பசங்க நல்லாத்தான் இருக்காங்க, இந்த ஆளுதான்...' என்று ஒரு வாக்கியம் தொடங்கும். அணி தோற்றால் 'அவனுங்க' என்பது கோபம். அணியை வைத்துக்கொண்டு கோச்சை மட்டும் வெளியே நிறுத்துவது முடிவு. கோபம் ஆறிவிடும். முடிவை மாற்ற நாளாகும்.

கிராமத்து ரசிகருக்கு இதில் செலவும் அதிகம். 2025-ல் சேப்பாக்கத்தில் குறைந்தபட்ச டிக்கெட்டே 1,700 ரூபாய். இரவு மேட்ச் முடிய 11 மணி தாண்டும். செங்கல்பட்டு வரை ரயிலில் வந்துவிட்டாலும், அங்கிருந்து அந்த நேரத்தில் உத்திரமேரூருக்கு பஸ் பிடிப்பது கஷ்டம். யாராவது வண்டியோடு வர வேண்டும். மறுநாள் வேலையும் போகும். இவ்வளவையும் கொடுத்தவருக்கு ஓட்டு இல்லை, குடவோலை இல்லை, பொதுக்குழுவில் கேள்வி கேட்கும் உரிமை இல்லை. கேட்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: 'ஏன் இப்படிச் செஞ்சீங்க?' அதற்கும் பொருந்தாத பதில் வந்தால் ஏமாற்றம் இரட்டிப்பாகிறது.

மற்ற கோச்களுக்கும் இதே கதையா?

கிரெக் சாப்பல், 2005-07: இந்திய அணியின் கோச்சாக 2005 மே மாதம் வந்தார். அவர் மீதான நம்பிக்கை 2007 உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேறியபோது போனது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் கொல்கத்தாவில் அது 2005 நவம்பர் 25-ம் தேதியே போய்விட்டது. அன்று ஈடன் கார்டன்ஸில் கூட்டம் இந்திய அணிக்கு எதிராகக் கத்தியது, தென்னாப்பிரிக்காவுக்குக் கைதட்டியது.

அப்போது இந்தியா தோற்றுக்கொண்டிருக்கவில்லை. இலங்கையை 6-1 என்று ஒருநாள் தொடரில் அடித்திருந்தது. அந்த நாட்களில் தொடங்கித்தான், இலக்கைத் துரத்திய 17 ஒருநாள் போட்டிகளில் இந்தியா வரிசையாக ஜெயித்தது. பிரச்சினை சவுரவ் கங்குலி. அவரைப் பற்றி சாப்பல் கிரிக்கெட் வாரியத்துக்கு எழுதிய மின்னஞ்சல் செப்டம்பரில் வெளியே கசிந்தது. கேப்டனாக இருந்தவர் அணியிலிருந்தே ஒதுக்கப்பட்ட காரணத்தை ரசிகர்கள் கசிந்த கடிதத்திலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சொந்த ஊர்ப் பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். கணக்கு முறையாக வராமல் கசிந்து வந்தால், சரியான கணக்கைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள். சாப்பல் 2007 ஏப்ரலில் விலகினார்.

இகோர் ஸ்டிமாச், 2019-24: இந்தியக் கால்பந்து அணி 2023-ல் 3 கோப்பை வாங்கியது. உலகத் தரவரிசையில் 100-க்குள் வந்தது. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் 3 போட்டியிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. அப்போது அவர் சொன்னதன் சாரம், உண்மையான இலக்கு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் 3-ம் கட்டம் என்பது. ரசிகர்கள் பொறுத்தார்கள்.

மார்ச் 26-ம் தேதி குவாஹாட்டியில், தரவரிசையில் 40 இடங்களுக்கு மேல் பின்னால் இருந்த ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோல்வி. சுனில் சேத்ரியின் 150-வது சர்வதேசப் போட்டி அது. எந்தப் போட்டிக்காகக் காத்திருக்கச் சொன்னாரோ அதே போட்டியில் கணக்கு உடைந்தது. அன்றைக்குப் பிறகு அவருக்கு ஆதரவாகப் பேச ஆள் இல்லை. தகுதிச் சுற்றும் கைவிட்டுப் போனதும், ஜூன் 17-ம் தேதி நீக்கப்பட்டார்.

கவுதம் கம்பீர், 2024 முதல்: நியூசிலாந்திடம் சொந்த மண்ணில் 0-3 என்று தோற்றபோது அதிர்ச்சி இருந்தது. ஆனாலும் 'இப்பத்தானே வந்திருக்கார்' என்று பலர் விட்டார்கள். 2025 நவம்பரில் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 124 ரன்னைத் துரத்த முடியாமல் 93-க்கு ஆட்டமிழந்தார்கள். ஆடுகளம் நாங்கள் கேட்டபடிதான் இருந்தது என்றார் கம்பீர். கேட்டது நீங்கள் என்றால், அதில் ஆட ஆள் ஏன் தயாராக இல்லை என்று கேள்வி திரும்பியது.

தமிழ்நாட்டு ரசிகர்கள் கவனித்தது இன்னொன்று. கொல்கத்தாவில் வாஷிங்டன் சுந்தர் 3-வது ஆளாக இறங்கினார். அடுத்த டெஸ்டில், குவாஹாட்டியில், 8-வது ஆள். கொல்கத்தாவில் உட்காரவைக்கப்பட்ட சாய் சுதர்சன் அங்கே 3-வது ஆள். ஒரு வாரத்தில் எது மாறியது என்பது புரியவில்லை. அந்த டெஸ்டில் 408 ரன்னில் தோல்வி. மைதானத்திலேயே கம்பீருக்கு எதிராகக் கோஷம் எழுந்தது. சாம்பியன்ஸ் டிராபியும் ஆசியக் கோப்பையும் வாங்கியது அதே ஆண்டில், அதே கோச்சின் கீழ்தான். ஆனால் டெஸ்ட் கணக்குக்கு ரசிகர்கள் தனி நோட்டு வைத்திருந்தார்கள்.

எல்லாமே கோச் பொறுப்பா?

இல்லை. இங்கேதான் ரசிகரும் தன் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்.

ஐபிஎல்லில் ஒரு தலைமைப் பயிற்சியாளர் நேரடியாகக் கை வைப்பது ஏலத் திட்டம், ஆடும் 11 பேர், பேட்டிங் வரிசை, பயிற்சி ஆகியவற்றில். அதில்கூட உரிமையாளர், கேப்டன், மற்ற பயிற்சியாளர்கள் என்று பலர் கையும் இருக்கிறது. களத்தில் பந்துவீச்சு மாற்றுவது கேப்டன். கேட்ச்சை விடுவது வீரர். 2025-ல் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கை எலும்பு முறிந்து பாதியில் விலகியது யார் கையிலும் இல்லை.

தோனி எந்த இடத்தில் இறங்குவார் என்பதை உண்மையில் முடிவு செய்தது யார்? ஃபிளெமிங்கின் விளக்கத்திலேயே பதில் இருந்தது: தோனி. ஆனால் தோனியைக் கேட்க ரசிகருக்கு மனம் வரவில்லை. கோபம் போக ஒரு ஆள் வேண்டும். அணியின் எல்லாக் கடனும் கோச் பெயரில் எழுதப்படும். கோச் வேலையின் சம்பளத்தில் ஒரு பங்கு இந்தப் பழியைச் சுமப்பதற்கும் சேர்த்துத்தான்.

அதனால் கோச் சொன்னது பொருந்தவில்லை என்று தோன்றும்போது, 'இந்த முடிவு இவருடையதா, இவர் சும்மா வாய் கொடுக்கிறாரா?' என்றும் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது நியாயம்.

சரி, கோச்சை மாத்தினா எல்லாம் சரியாகிடுமா?

நெதர்லாந்து பொருளாதார நிபுணர் பாஸ் டெர் வீல், தன் நாட்டுக் கால்பந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான முடிவுகளை எடுத்துப் பார்த்தார். மோசமாக ஆடிய அணிகள் கோச்சை மாற்றிய பிறகு தேறின. ஆனால் அதே அளவு மோசமாக ஆடி, கோச்சை மாற்றாத அணிகளும் கிட்டத்தட்ட அதே அளவு தேறின. தொடர்ந்து தலையே விழுந்த காசில் அடுத்து பூவும் விழத்தானே செய்யும். ஜுரம் தானாக இறங்கும் நேரத்தில் மாத்திரை போட்டவர், மாத்திரைதான் குணப்படுத்தியது என்று நம்புவது மாதிரி.

இதற்கு எதிரான உதாரணமும் தமிழ்நாட்டிலேயே உண்டு. 2022 புரோ கபடி சீசனில் தமிழ் தலைவாஸ் அணியின் நட்சத்திரம் பவன் செராவத் முதல் போட்டியிலேயே காயமடைந்தார். அணி தடுமாறியது. சீசன் நடுவே ஆஷன் குமார் கோச்சாகப் பொறுப்பேற்றார். அதுவரை பிளே-ஆஃப் பார்த்திராத அணி அரையிறுதி வரை போனது. புதிய கோச் ஒருவரால் மட்டும்தானா, இளம் ரெய்டர் நரேந்தர் எழுந்து நின்றதாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். சில நேரம் மாற்றம் வேலை செய்கிறது என்பது மட்டும் உண்மை.

ரசிகர்கள் தவறாகக் கணித்த பெரிய உதாரணம் அலெக்ஸ் ஃபெர்குசன். 1986-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார். 3 ஆண்டு கழித்து, 1989 டிசம்பரில், அவரைப் போகச் சொல்லி சொந்த ரசிகர்களே மைதானத்தில் பதாகை பிடித்தார்கள். 3 ஆண்டாகச் சாக்குதான் கேட்கிறோம் என்பது அதன் சாரம். அதாவது, கணக்கு வரவில்லை என்பதுதான் புகார். ஆனால் அவர் கிளப்பின் இளம் வீரர் தேடலையும் பயிற்சியையும் அடியோடு மாற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கணக்கு நிர்வாகத்துக்குத் தெரிந்தது, மேடையில் இருந்தவருக்குத் தெரியவில்லை. 1990-ல் எஃப்ஏ கோப்பை வந்தது. 2013-ல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 13 லீக் பட்டங்கள்.

ஏரிக்கரை அணியில் எப்படி?

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கோடையில் ஏரி வற்றியதும் ஸ்டம்ப் நட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட், நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, கோப்பை எல்லாம் உண்டு. அங்கே கோச் என்று தனியாக யாரும் இல்லை. கேப்டன்தான் கோச், அவரேதான் வசூல் பொறுப்பும்.

அந்த அணிகளில் ஒரு கேப்டனுக்கு வேட்டு வைப்பது பெரும்பாலும் தோல்வியாக இருக்காது. பந்து வாங்கிய காசுக்குக் கணக்கு இருக்காது. அல்லது நன்றாகப் போடும் பையனை உட்காரவைத்துவிட்டு மச்சானை ஆடவைத்திருப்பார். கேட்டால் 'அவனுக்கு உடம்பு சரியில்லை' என்பார். அந்தப் பையனோ பவுண்டரி கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருப்பான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அணி இரண்டாகியிருக்கும்.

இங்கே கணக்கைக் கேட்பது சுலபம். கேப்டன் அதே தெருவில் இருப்பவர். கோடிக்கணக்கில் புரளும் அணியில் அந்த வழி இல்லை. போட்டி முடிந்த பிறகு நடக்கும் 10 நிமிடப் பத்திரிகையாளர் சந்திப்புதான் ரசிகருக்கும் கோச்சுக்கும் இடையே இருக்கும் ஒரே திண்ணை. அதனால்தான் அங்கே சொல்லப்படும் ஒவ்வொரு வார்த்தைக்கும் இவ்வளவு எடை.

நம்பிக்கை திரும்ப வருமா?

வரும். ஆனால் வெற்றி மட்டும் போதாது, பழைய கணக்கைத் திறந்து காட்ட வேண்டும்.

2025 ஏப்ரல் கடைசியில், ஏலத்தில் எல்லாம் சரியாக அமைந்துவிடவில்லை என்பதை ஃபிளெமிங் ஒப்புக்கொண்டார். அந்தச் சீசனை சிஎஸ்கே 14 போட்டியில் 4 வெற்றியோடு, வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. ஆனால் சுவாரசியமான விஷயம், ரசிகர்களின் கோபம் தணியத் தொடங்கியது சீசன் முடிவதற்கு முன்பே. 17 வயது ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல் என்று புது ஆட்கள் இறங்கினார்கள், அடித்தார்கள். மே 3-ம் தேதி ஆர்சிபியிடம் 2 ரன்னில் தோற்ற மேட்ச்சில் மாத்ரே 94 ரன் எடுத்தார். அன்று தோற்றும் திட்டு குறைவாகத்தான் விழுந்தது. தப்பை ஒத்துக்கொண்டு மாற்றுகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரணையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். டிசம்பர் ஏலத்தில் சர்வதேசப் போட்டியே ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.2 கோடி ரூபாய் கொடுத்தார்கள். அனுபவம்தான் எங்கள் பலம் என்று இத்தனை ஆண்டுகள் சொன்ன அணி, தன் நோட்டில் புதுப் பக்கம் திருப்பியது. கோச் மட்டும் மாறவில்லை. இந்தப் பக்கத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டியவர் அதே ஃபிளெமிங்தான்.

ஆக, அடுத்த முறை உங்கள் அணி தோற்று, கை தானாக 'கோச்சை மாத்துங்க' என்று டைப் செய்யப் போகும்போது, 3 கேள்வி கேட்டுப் பார்க்கலாம். இவர் சொன்ன காரணம் நான் பார்த்த ஆட்டத்தோடு பொருந்துகிறதா? போன வாரம் சொன்னதோடு இந்த வாரம் சொன்னது பொருந்துகிறதா? தவறு என்று தெரிந்ததை மாற்றினாரா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் இன்னும் சில மேட்ச் பொறுக்கலாம். மூன்றுக்கும் 'இல்லை' என்றால், ஸ்கோர் கார்டில் வெற்றி இருந்தால்கூட சந்தேகப்படலாம்.

உத்திரமேரூர் சபை தன் ஆட்களுக்கு 360 நாள் கொடுத்தது. கணக்குக் காட்டியவர் 3 ஆண்டு இடைவெளி விட்டு மறுபடியும் குடத்தில் பெயர் போடலாம் என்று வழியும் வைத்தது. கணக்குக் காட்டாதவருக்குத்தான் அந்த வழி இல்லை.